நேரம் தவறாத கணிப்பொறி
(கல்விச் சங்க வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நாம் கலைப்பாடம் படித்துக் கல்வியியல் பட்டம் பெற்றுப் பள்ளியில் வரலாறு கற்பிப்பவர். எந்திரவியல் கற்றவர் அல்லோம். அவ்வாறாயின், கணிப்பொறி எந்திரத்தை இயக்குவது பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். ஒரு தவறு செய்தோம். அத்தவற்றினால் ஒரு மாணவன் மனம் நோகக் காரணமானோம். அதிலிருந்து கற்றோம். அக்கல்வியே நம் தகுதி.

நம் சங்கப் பயிற்சிக் கூடத்தில் மரத்தில் எழுத்துச் செதுக்கும் சிறிய எந்திரம் ஒன்று இருப்பதை அறிவீர்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து வந்த நம் பிள்ளைகள் பழகுவதற்காக, உறுப்பினர்களின் சிறு சிறு நன்கொடைகளைச் சேர்த்து அமைத்தது அது. அதனை இயக்க எத்தகைய கணிப்பொறி வாங்கலாம் என்ற கேள்வி எழுந்தது. "நல்லதாக, புதியதாக வாங்குங்கள், நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் பழையது?" என்று முதலில் கூறியவர் நாமே. அந்த உணர்ச்சியில் தவறில்லை. பிறர் கழித்த நூலும் பிறர் கழித்த உடையுமே நமக்கு என்றிருந்த காலத்தைக் கண்டவர்கள் நாம். ஆகவே விரைவு மிகுந்த புதுக் கணிப்பொறி ஒன்றை வாங்கினோம்.

இவ்விழாவுக்கென்றே ஒரு பெயர்ப்பலகை செதுக்க முற்பட்டோம். முதல் வரி அழகாக வந்தது. இரண்டாம் வரியின் நடுவே எந்திரம் ஒரு கணம் உறுமியது. அதன்பின் வந்த எழுத்துகள் எல்லாம் ஒருபுறம் விலகி விழுந்தன. பலகை பாழ். மறுமுறையும் அவ்வாறே, அம்முறை வெட்டும் முனையும் ஒடிந்தது. எந்திரத்தின் அருகில் நின்றிருந்தவன் நம் மாணவன். "உனக்கு இன்னும் கை படியவில்லை" என்று பலர் முன்னிலையில் கூறிவிட்டோம். அவன் மறுமொழி கூறவில்லை. மறுநாள் பயிற்சிக்கு வரவும் இல்லை.

குற்றம் அவனுடையது அன்று; கணிப்பொறியுடையது. அதனை அவ்விடத்தில் அமர்த்திய நம்முடையது. எவ்வாறு என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பள்ளி மணியை எண்ணிப் பாருங்கள். மணியடிப்பவர் ஆண்டு முழுதும் சரியாக அடித்துவிட்டு, பொதுத்தேர்வு நாளில் மட்டும் பத்து நிமிடம் பிந்தி அடித்தால், "சராசரியாகப் பார்த்தால் ஒழுங்காகத்தான் அடிக்கிறார்" என்று நாம் அமைதி கொள்வோமா? அந்த ஒரு நாளன்றோ கணக்கு! எந்திரத்தை இயக்கும் கணிப்பொறிக்கும் அதுவே விதி. அது எவ்வளவு விரைவாக எண்ணும் என்பது முதற் கேள்வி அன்று. குறித்த நேரத்தில் குறித்த செயலை ஒருமுறையும் தவறாமல் செய்யுமா என்பதே முதற் கேள்வி. இதனையே நிகழ்நேர இயக்கம் என்கின்றனர். மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டிலும் தேவநேரியிலும் படகைக் கடலில் இறக்குவோரைப் பாருங்கள். எத்தனை தோள்வலிமை இருந்தாலும், இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தைத் தவறவிட்டால் படகு கவிழும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இத்தகைய சிறு எந்திரங்களை ஸ்டெப்பர் மோட்டார் என்பது நகர்த்துகிறது. அது ஒரு சுற்றுக்கு 200 எட்டு வைக்கும். ஓர் எட்டைப் பத்தாகப் பகுத்து ஓட்டினால் ஒரு சுற்றுக்கு 2,000 மின்துடிப்புகள் வேண்டும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத்தண்டைப் பூட்டி, நிமிடத்திற்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில் செதுக்குவதாகக் கொள்வோம். நொடிக்கு 10 மில்லிமீட்டர். அதாவது இரண்டு சுற்று. அதாவது 4,000 துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 250 மைக்ரோ நொடி மட்டுமே. ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரோ நொடி. இடையில் கணிப்பொறி 200 மைக்ரோ நொடி வேறு வேலையில் மூழ்கிவிட்டால் ஒரு துடிப்பு பிந்தும். அடுத்தது அதன் முதுகிலேயே வந்து விழும். மோட்டார் அதைப் பின்பற்ற இயலாமல் உறுமி, எட்டுத் தவறும். அது தவறியதைக் கணிப்பொறிக்குத் திருப்பிச் சொல்வார் யாருமில்லை. கட்டளை இட்டாயிற்று, ஆகவே வேலை முடிந்தது என்றே அது நம்பிக்கொண்டிருக்கும். விலகிய எழுத்துகளின் கதை இதுதான்.

நம் கூடத்தில் பயன்படுவது லினக்ஸ்சிஎன்சி என்னும் மென்பொருள். அமெரிக்க அரசின் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தில் 1990களின் தொடக்கத்தில் தோன்றிய ஒரு திட்டமே இதன் வேர். பின்னர்ப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதனை வளர்த்தனர். 2011இல் இப்போதைய பெயரைப் பெற்றது. இதற்கு விலையில்லை. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். இது ஓடும் தளமாகிய லினக்ஸ், 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் தொடங்கியது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறிகளில் இருந்த பாஸ் என்பதும் லினக்ஸ் வகையே. ஆதலின் நம் வீடுகளுக்கு இது முற்றிலும் அயலான விருந்தினர் அன்று.

ஆயினும் சாதாரண லினக்ஸ் எல்லா வேலைக்கும் நேரத்தைப் பங்கிட்டுத் தரும். 'இந்த வேலை முந்தியே தீரவேண்டும்' என்ற உறுதியைத் தராது. அவ்வுறுதிக்கென நிகழ்நேரத் திருத்தங்கள் உருவாயின. இத்தாலியின் மிலான் நகரில் உருவான ஆர்.டி.ஏ.ஐ. ஒன்று, பிரீஎம்ட் ஆர்டி மற்றொன்று. பின்னது நெடுங்காலம் தனித் திருத்தமாகவே இருந்து, 2024இல் லினக்ஸின் 6.12ஆம் பதிப்பில் மூலத்தோடு இணைந்தது.

மென்பொருள் இவ்வாறு நேரம் காத்தாலும், கணிப்பொறியின் உடலே இடையூறு செய்யலாம். மின்சாரத்தைச் சேமிக்கத் தன்னைத் தானே உறங்கவைத்து எழுப்பும் ஏற்பாடு ஒன்று. நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் படக்காட்சிச் சில்லு மற்றொன்று. யாவற்றிலும் கொடியது, தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ், வெப்பம் பார்க்கவும் விசிறி ஓட்டவும் லினக்ஸுக்கே தெரியாமல் செயலியைப் பறித்துக்கொள்வது. மடிக்கணிப்பொறிகளில் இத்தொல்லைகள் மிகுதி. ஆதலின் வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணிப்பொறியை இவ்வேலைக்குக் கொண்டுவர வேண்டா. அதில் வரைபடம் வரையலாம், நிரல் எழுதிப் பழகலாம்.

அப்படியாயின் எதைத் தேர்வது? அலுவலகங்கள் சில ஆண்டுகள் உழைக்கவைத்துக் கழித்துவிடும் மேசைக் கணிப்பொறிகள் இதற்குப் பல வேளைகளில் மிகப் பொருந்துகின்றன. அவற்றில் பேரலல் போர்ட் என்னும் 25 துளைகள் கொண்ட பழைய பிரிண்டர் இணைப்பு இருக்கக்கூடும். துடிப்புகளை எந்திரத்திற்கு நேரே அனுப்ப அதுவே எளிய வழி. அது இல்லையெனில் தாய்ப்பலகையில் செருகும் அட்டையாக வாங்கிப் பொருத்தலாம். யூஎஸ்பியில் மாட்டும் மாற்றுக் கம்பி ஒருபோதும் பயன்படாது. அதனை விற்பவர் என்ன கூறினாலும் நம்பற்க.

எனினும், பழையது என்பதற்காக எதையும் வாங்கிவிடக் கூடாது. வள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். தெரிந்து தெளிதல் என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஆராயாமல் எதையும் நம்பலாகாது என்பது கணிப்பொறிக்கும் பொருந்தும். நம் பழைய மாணவர் ஒருவர், தொழிற்சாலையில் பணிபுரிபவர், அதற்குரிய வழியைக் காட்டினார். லினக்ஸ்சிஎன்சி வழங்கும் தொகுப்பை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கடைக்குச் சென்று, கணிப்பொறியை அந்தப் பென்டிரைவிலிருந்தே தொடங்கலாம். அதிலுள்ள வன்தட்டைத் தொடவே வேண்டா. அண்மைப் பதிப்புக்கு 64 பிட் செயலி தேவை. உள்ளே லேட்டன்சி டெஸ்ட் என்னும் சோதனை இருக்கிறது. அதனை ஓடவிட்டு, கணிப்பொறிக்கு வேண்டுமென்றே தொல்லை கொடுக்க வேண்டும். சாளரங்களை இங்குமங்கும் இழுங்கள், பெரிய கோப்புகளை நகலெடுங்கள், பாட்டை ஒலிக்கவிடுங்கள். கடையில் கால் மணி நேரமாவது. வாங்கிய பின் பல மணி நேரம். செதுக்கும் எந்திரம் மட்டும் அப்போது ஓடலாகாது.

திரையில் பேஸ் திரெட் என்ற வரிசையில் மேக்ஸ் ஜிட்டர் என்ற எண்ணைப் பாருங்கள். அது நானோ நொடியில் இருக்கும். ஆயிரம் நானோ நொடி ஒரு மைக்ரோ நொடி. அவ்வெண் 20,000க்குள் இருந்தால் மிக நன்று. 30,000 முதல் 50,000 வரை எனில் வேலை நடக்கும், வேகம் சற்றுக் குறையும். 1,00,000ஐ எட்டினால் இவ்வேலைக்கு அது ஆகாது. அது சராசரி எண் அன்று; சோதனைக் காலத்தில் நேர்ந்த மிகப்பெரிய பிழை என்பதை மறவாதீர்கள். மணி பிந்திய அந்த ஒரு நாள்தான் அது!

நம் புதுக் கணிப்பொறியில் அவ்வெண் 1,80,000ஐத் தாண்டியது. பயாஸில் மின்சேமிப்பை அடைத்தோம். செயலியின் ஒரு கருவை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் திரெடிங்கையும் அடைத்தோம். எண் குறைந்தது, போதுமான அளவு குறையவில்லை. அதன்பின் செங்கற்பட்டில் பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றில், தூசி படிந்து கிடந்த அலுவலகக் கணிப்பொறிகள் நான்கைச் சோதித்தோம். இரண்டு தோற்றன. ஒன்றில் மின்தேக்கிகள் உப்பிக் கிடந்தன. நான்காவது, இரண்டு மணி நேரம் வதைத்த பின்னும் 12,000ஐத் தாண்டவில்லை. புதியதன் விலையில் பத்தில் ஒரு பங்கும் கொடுக்கவில்லை. புதியது வீணாகவும் இல்லை. வரைபடம் வரைய இன்று அதுவே பயன்படுகிறது. புதியன எல்லாம் தீது என்று நாம் கூற வரவில்லை. துடிப்புகளைத் தானே உண்டாக்கும் தனி அட்டை ஒன்றைச் சேர்த்தால் கணிப்பொறியின் சுமை குறையும். புதியவையும் நன்கு இயங்கும். ஆனால் அவ்வட்டைக்குத் தனிச் செலவு உண்டு.

வாங்கிய பின் செய்யவேண்டுவனவும் சில. தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட் நாணய மின்கலத்தை மாற்றுங்கள். இல்லையேல் நீங்கள் செய்த பயாஸ் மாற்றங்கள் மறந்துபோகும். தூசியை அகற்றிச் செயலியின் மேல் புதிய வெப்பப் பசை இடுங்கள். கடலோரத்தில் உப்புக்காற்று உண்டு; மாமல்லபுரம் பக்கம் வைப்பவர்கள் நினைவகப் பலகையின் பொன்னிற முனைகளை அவ்வப்போது மென்மையாகத் துடையுங்கள். எந்தப் பதிப்பில் சோதித்தீர்களோ அதையே நிறுவுங்கள். எந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தான், மோட்டாரின் மின்சாரத்தையே நேரடியாகத் துண்டிப்பதாக இருக்கட்டும். கணிப்பொறி கேட்டு நிறுத்தும் என்று நம்பி ஒருவர் கையை இழக்க வேண்டா.

தோழர்களே! இன்னுமொரு செய்தி. பலகை பாழான அன்று திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றியது. எதிர்பாராத நிகழ்நேரத் தாமதம் என்று அது கூறியது. அம்மாணவன் அதை நம்மிடம் காட்டினான். "அதெல்லாம் வரும், மூடிவிட்டு வேலையைப் பார்" என்றோம். எந்திரமும் உண்மை சொன்னது. பிள்ளையும் உண்மை சொன்னான். தலைமையாசிரியராகிய நாம் இரண்டையும் கேட்கவில்லை. நம் பிள்ளைகள் பணிக்குச் செல்லும் இடங்களிலும் பழுது நேர்ந்தால் முதலில் நீளும் விரல் யாரை நோக்கி என்று நாம் அறிவோம். அவ்விரலை நாமே நீட்டிவிட்டோம். அவன் இல்லத்துக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவன் திரும்ப வந்தான். இப்போது மேடையின் முகப்பில் நீங்கள் காணும் பெயர்ப்பலகை, அந்தப் பழைய கணிப்பொறியைக் கொண்டு அவன் செதுக்கியதே.

அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலொன்றில், குற்றம் எந்திரத்தினுடையது அன்று, அதன் பயனைச் சிலரே கைக்கொள்ளும் அமைப்பினுடையது என்ற கருத்தை எடுத்துரைத்தார். எந்திரம் மனிதனுக்கு ஓய்வைத் தரும், ஓய்வு அறிவு வளர இடம் தரும் என்று அவர் நம்பினார். அந்த எந்திரத்தின் உள்ளே நடப்பதை அளந்தறியும் திறன் நம் பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டும். அளவு தெரிந்தவனை வீணே குற்றம் சாட்டுவது எளிதன்று. "என் கை தவறவில்லை, இதோ எண்" என்று அவன் காட்டுவான்.

சோதனைத் தொகுப்பு ஏற்றிய பென்டிரைவ் நம் சங்க நூலகத்தில் புத்தகம் போலவே இரவல் தரப்படும். எடுத்துச் செல்லுங்கள். பழைய கணிப்பொறி எங்கிருந்தாலும் சோதியுங்கள். கிடைத்த எண்ணை அங்குள்ள பதிவேட்டில் எழுதி வையுங்கள், தோற்றவற்றையும் எழுதுங்கள். பின்வரும் தம்பி தங்கையர்க்கு அப்பதிவேடு வழிகாட்டும்.