பிள்ளையை இழந்த பெற்றோரும் யஃகூப் நபியின் கண்ணீரும்





2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது மருதமுனை, சாய்ந்தமருது போன்ற நமது கரையோர ஊர்களில் எத்தனையோ பெற்றோர் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்தனர். சிலருக்கு ஜனாஸாவும் கிடைக்கவில்லை. குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கவும், கபுறடியில் நின்று துஆச் செய்யவும் வழியற்றுப் போயினர். ஆண்டுகள் பல கடந்தும் அவர்களுட் சிலரின் கண்ணீர் வற்றவில்லை. "இன்னுமா அழுகிறீர்கள்? ஸபர் செய்யுங்கள்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

ஸபர் என்பது அழாமலிருப்பதா? யஃகூப் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பாருங்கள். யூஸுஃபைப் பிரிந்த துயரத்தில் அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. பெற்ற மக்களே அவர்களைக் கடிந்து கொண்டனர். அவர்களோ தமது கவலையை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். அழகிய பொறுமைக்கு உதாரணமாகக் குர்ஆன் காட்டுவது இந்தக் கண்ணீர் சிந்திய தந்தையைத்தான்.

நமது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களும் பாத்திமா நாயகியைத் தவிர ஏனைய பிள்ளைகள் அனைவரையும் தம் வாழ்நாளிலேயே இழந்தார்கள். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் பால்குடி மறவாத மகன் இப்றாஹீம் வஃபாத்தானபோது கண்ணீர் வடித்தார்கள். அது இரக்கத்தின் அடையாளம் என்றும் விளக்கினார்கள். மார்க்கம் தடுத்தது ஒப்பாரியையும், கன்னத்தில் அறைவதையும், ஆடையைக் கிழிப்பதையுமே. கணவரல்லாத உறவினருக்கு மூன்று நாட்களுக்கு மேல் துக்கம் அனுஷ்டிக்கலாகாது என்பதும் அலங்காரத்தைத் துறக்கும் வெளித்தோற்றத்தைப் பற்றியதாகும். உள்ளத்தின் வலிக்கு எவரும் தவணை விதிக்கவில்லை.

ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அத்தனை கவலையிலும் யஃகூப் நபியவர்கள் குடும்பப் பொறுப்பைக் கைவிடவில்லை. இறையருளில் நம்பிக்கை இழக்காது தேடிச் செல்லுமாறு மக்களை ஏவினார்கள். ஆனால் ஒரு தாயோ தந்தையோ மாதக்கணக்கில் உண்ணாமல், உறங்காமல், எஞ்சிய பிள்ளைகளையும் பராமரிக்க இயலாமல் முடங்கிவிட்டால் அதனை ஈமானின் குறையென்று பழிக்காதீர்கள். அது நோயாகவும் இருக்கலாம். 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாடு, ஆறு மாதங்களுக்கு மேலாக அன்றாட வாழ்வையே முடக்கும் அளவுகடந்த துயரை ஓர் உளநோயாக ஏற்றிருக்கிறது. உரையாடல் மூலமான சிகிச்சையால் பலர் தேறுகின்றனர். மருந்து தேடுமாறு பணித்த நபியின் உம்மத்தினர், வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாட ஏன் வெட்கப்பட வேண்டும்?

சகோதரர்களே! மூஃதா யுத்தத்தில் ஜஃபர் ரழியல்லாஹு அன்ஹு ஷஹீதானபோது அவர்களின் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபியவர்கள் ஏவினார்கள். நாமும் மூன்றாம் நாளோடு அந்த வீட்டு வாசலை மறந்துவிடலாகாது. பெருநாள் வரும்போது போய்ப் பாருங்கள். மரணித்த பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர்கள் அழுதால் அருகில் அமர்ந்திருங்கள்.

பிள்ளைகளை இழந்த பெற்றோரின் உள்ளங்களுக்கு வல்ல நாயன் ஆறுதலளித்து, அப்பிள்ளைகளோடு அவர்களைச் சுவனத்தில் ஒன்றுசேர்ப்பானாக! ஆமீன்.