பதிவு செய்யாத கூட்டுக் கடைக்கு வழக்காடும் உரிமை உண்டா?

(அடி அண்ணாமலையில் நடந்த சிறு வணிகர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



"சரக்கு கொடுத்தோம், பணம் வரவில்லை, வழக்குப் போடலாமா?" என்று அறக்கட்டளைக்கு யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "உங்கள் ஃபர்ம் பதிவாகியிருக்கிறதா?" என்பதுதான். உடனே முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிய பத்திரத்தைக் காட்டுவார்கள். ஜிஎஸ்டி சான்றிதழ், பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் வெளியே வரும். இவற்றில் ஒன்றுகூட நாம் கேட்கும் பதிவு அல்ல. பதிவாளரின் ஃபர்ம்கள் பதிவேட்டில் கடையின் பெயரும் பங்காளிகளின் பெயர்களும் ஏறியிருக்க வேண்டும்.

1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. பதியாமலே கடை நடத்தலாம், லாபம் பிரிக்கலாம். ஆனால் 69-ஆவது பிரிவு வாசலில் நிற்கிறது. பதியாத ஃபர்ம், ஒப்பந்தத்தால் வந்த உரிமையைக் கேட்டு வெளியாள்மீது வழக்குப் போட முடியாது. அந்த வெளியாள் நம்மீது தாராளமாகப் போடலாம்! ஓர் ஓட்டல்காரர் நமக்கு 3 லட்சம் தர வேண்டும், நாம் அவருக்கு 1 லட்சம் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் 1 லட்சத்துக்கு வழக்குப் போட்டால், நமக்கு வரவேண்டியதில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் வழியில்லை. 100 ரூபாய்க்கு மேற்படாத சில்லறை வழக்குகளுக்கு விலக்கு உண்டு. 1932-இல் எழுதிய தொகை அது. இன்று 100 ரூபாய்க்கு எந்த வக்கீல் வருவார்?

வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்த வழக்கு உயிர் பெறாது என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பதிந்துவிட்டுப் புதிதாகப் போடலாம். பழைய பாக்கியையும் அப்போது கேட்கலாம். ஆனால் சரக்குப் பணத்துக்குக் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டுதான்.

இதைவிட நம்மவர்களை அதிகம் அடிப்பது பங்காளிச் சண்டை. மாமனும் மச்சானும் கூடிப் பணம் போடும்போது, "நமக்குள்ளே எதற்கு எழுத்து?" என்கிறார்கள். எழுதச் சொன்னால் நம்பிக்கைக் குறைவாம்! கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா 282-ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். பதியாத ஃபர்மின் பங்காளி, ஒப்பந்தப்படி தன் பங்கைக் கேட்டு மற்றப் பங்காளிமீது வழக்குப் போட முடியாது. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும் மட்டும் கதவு திறந்திருக்கிறது. அதாவது உரிமை கேட்க வேண்டுமானால் கடையையே மூட வேண்டும்.

வேறு சில வழிகளும் உண்டு. ஒப்பந்தத்தில் பிறக்காத உரிமைக்குத் தடையில்லை. ஹல்திராம் வணிகப் பெயர் வழக்கில் 2000-இல் அப்படித்தான் தீர்ப்பானது. செக் திரும்பினால் 138-ஆவது பிரிவில் குற்றப் புகார் கொடுக்கலாம் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

பதிவு செய்தவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஸ்ரீராம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில், 1989-இல், ஃபர்ம் பதிவாகித்தான் இருந்தது. புதிதாகச் சேர்ந்த பங்காளிகளின் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை, வழக்கு நிற்கவில்லை. வாப்பா மௌத்தாகி மகன் கல்லாவில் உட்கார்ந்த கடைகள் நம்மிடம் எத்தனை!

வக்ஃபுக்கும் இதே போன்ற தடை திரும்பி வந்திருக்கிறது. பதியாத வக்ஃபு வழக்காட முடியாது என்ற பழைய 87-ஆவது பிரிவை 2013-இல் நீக்கினார்கள். 2025 திருத்தச் சட்டம், 6 மாத அவகாசத்தோடு, 36-ஆவது பிரிவில் அதை மறுபடி கொண்டுவந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் ஏற்கலாம். அந்த ஆண்டு செப்டம்பர் 15 இடைக்கால உத்தரவில் உச்ச நீதிமன்றம் பதிவு நிபந்தனையை நிறுத்திவைக்கவில்லை. முத்தவல்லிகள் கவனிக்க வேண்டும்.

கூட்டுக் கடை வைத்திருப்பவர்கள் வரும் ஜும்ஆவுக்குப் பின் பத்திர நகலோடு அலுவலகத்துக்கு வாருங்கள். இப்போது பங்காளிகளாக இருக்கும் எல்லோருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கான விண்ணப்பத்தை நாங்கள் எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.