கூட்டக் குறிப்பேடு சொல்வதும் சொல்லாததும்

 

நாட்டுப்புறப் பெண்கள் சங்கங்களின் வரலாற்றை ஆராயும் இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்கப் பணித்தமைக்கு நன்றி. பரந்த பொருள் இது. ஆகவே ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன்: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள ஸ்டோனி கிரீக்.

1897 பிப்ரவரி 19 அன்று அவ்வூரில் 101 பெண்களும் ஓர் ஆணும் கூடினர். ஒரு வாரத்துக்கு முன் அங்கே உழவர் கழகக் கூட்டத்தில் பேசிய அடிலெய்ட் ஹூட்லெஸ், உழவர் வீட்டுப் பெண்களுக்கும் தனிச் சங்கம் வேண்டும் என்றார். அதன் விளைவே உலகின் முதல் விமன்ஸ் இன்ஸ்டிடியூட். 1915இல் இவ்வமைப்பு கடல் கடந்து வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் வேர்விட்டது.

அன்று வந்திருந்த ஒரே ஆண் எர்லண்ட் லீ. சங்கத்தின் முதல் விதிமுறைகள் அவர் வீட்டு உணவு மேசையில் உருவாயின. அவற்றைக் கைப்பட எழுதியவர் அவர் மனைவி ஜேனட் லீ என்பர். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். அது தாங்கி நிற்பதோ எர்லண்ட் லீயின் பெயரை. பெண்கள் சங்கத்தின் வரலாற்றிலும் எழுதிய கை பின்னுக்குப் போக முடியும்.

தொடக்கக் கதையையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஹூட்லெஸின் ஆண் குழந்தை 1889இல் இறந்தது. கெட்டுப்போன பாலே காரணம், அந்தத் துயரமே அவரைப் பொதுவாழ்வுக்கு அழைத்தது என்று இயக்கத்தார் தலைமுறைகளாகச் சொல்லி வருகின்றனர். அது மெய்யா என்பது ஒரு கேள்வி. ஒரு சங்கத்துக்கு அத்தகைய தாய்க்கதை ஏன் தேவைப்பட்டது என்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி.

கட்சி, சமயப் பிரிவு சார்ந்த பேச்சு கூட்டங்களில் கூடாதென்பது சங்கத்தின் நெறி. எல்லாச் சபையினரையும் ஒரே பலகையில் அமர்த்தியது அதுதான். ஆனால் ஒன்டாரியோப் பெண்கள் 1917இல் வாக்குரிமை பெற்ற காலத்தில் ஒரு கிளையின் குறிப்பேடு அதைப் பற்றி வாய் திறக்கவில்லையென்றால், உறுப்பினர்களுக்குக் கருத்தே இல்லையென்று முடிவுகட்டலாகாது. மௌனத்துக்கு விதியும் காரணமாகலாம்.

பின்னர் இப்பெண்களே வரலாறு எழுதப் புகுந்தனர். 1935 முதல் 1940 வரை கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த டுவீட்ஸ்மியூர் பிரபுவின் துணைவியார், கிளைகள் தத்தம் ஊர் வரலாற்றைத் தொகுக்க ஊக்கமளித்தார். பண்ணைகள், பள்ளிகள், தேவாலயங்கள், குடும்பங்கள் எல்லாம் ‘டுவீட்ஸ்மியூர்’ ஏடுகளில் பதிவாயின. அரசு ஆவணம் தொடாத செய்திகள் அங்கே கிடைக்கும். வெள்ளையர் குடியேற்றத்திலிருந்தே ஊர் பிறந்ததாகக் கொள்ளும் ஏடுகளும் அவற்றில் உண்டு. முன்பே வாழ்ந்த முதற்குடிகளுக்கு அவற்றில் இடம் குறைவு.

நமக்கும் இதில் உறவுண்டு. ஒன்டாரியோவில் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து இலங்கையில் மருத்துவராக வாழ்ந்த மேரி இரத்தினம், அந்தக் கனடிய மாதிரியைத் தழுவி 1930களின் தொடக்கத்தில் லங்கா மகிளா சமித்தி என்ற பெண்கள் சங்கத்தை உருவாக்கினார்.

கட்டுரையாளர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவே: தீர்மானங்களோடு வரவுசெலவுக் கணக்கையும் சேர்த்துப் படியுங்கள், யார் பேசினார் என்பதோடு யார் எழுதினார், யார் அழைக்கப்படவில்லை என்றும் கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளையும் அமர்வுகளின் முன்வைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.