மகளுக்கு முதல் ட்ரம்பெற்: வாடகைக்கு எடுக்குமுன்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் இங்கிலாந்துப் பழைய மாணவிகள் மூவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் சங்கீதம் பற்றிப் பயனுள்ளதாக ஏதாவது சொல்லுங்கள் என்று செயற்குழு எங்களைக் கேட்டது. வீணையோ வயலினோ என்றால் யாரிடம் கேட்பது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இங்கே நாலாம் ஆண்டு படிக்கும் மகள் வந்து, "அம்மா, நான் ட்ரம்பெற் பழகப் போறன்" என்றால் அநேக வீடுகளில் பதில் வருவதில்லை. ஊரில் விளையாட்டுப் போட்டிக்குப் பாண்ட் வாத்தியம் வாசித்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஆனால் அது பாடசாலையின் சொத்து. அதை வாங்குவதும் பராமரிப்பதும் நம் பெற்றோரின் கவலையாக இருந்ததில்லை.

"பெண் பிள்ளைக்கு ஏன் அது?" என்ற கேள்வியை விரைவாகக் கடந்து விடுவோம். உலக மேடைகளில் பேர் பெற்ற ட்ரம்பெற் கலைஞர்களில் பிரித்தானியாவின் அலிசன் பால்சமும் நோர்வேயின் டீனே திங் ஹெல்செத்தும் பெண்கள். பிள்ளைக்கு வேண்டியது முளைத்து முடிந்த முன்பற்களும், ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடிய பாரத்தைத் தூக்கிப் பிடிக்கும் கைகளும்தான். கை நோகும் சின்னவர்களுக்குக் கோர்னெற் நல்லது. சுருதியும் விரல் வைப்பும் ஒன்றே. குழல் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருப்பதால் பாரம் உடம்புக்குக் கிட்ட இருக்கும். பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளையும் வாசிக்கலாம். பல் வைத்தியரிடமும் ஆசிரியரிடமும் முதலே கதையுங்கள்.

வயலினை வாடகைக்கு எடுப்பதற்குக் காரணம் பிள்ளை வளர வளர அளவு மாறுவது. ட்ரம்பெற்றில் கால், அரை, முக்கால் என்ற அளவுகள் இல்லை. எட்டு வயதில் எடுத்ததைப் பதினெட்டிலும் வாசிக்கலாம். ஆகவே இங்கே வாடகையின் பயன் வேறு. பிள்ளையின் விருப்பம் நிலைக்குமா என்று பார்க்க அவகாசம் கிடைக்கிறது. திருத்த வேலையைக் கடைக்காரரோ இசைச் சேவையோ பார்த்துக்கொள்வதும் உண்டு. விருப்பம் நிலைத்துவிட்டால் கட்டிய வாடகையைக் கூட்டிப் பாருங்கள். அது பாவித்த நல்ல ட்ரம்பெற்றின் விலையை நெருங்கும்போது வாங்குவதே இலாபம்.

இணையத்தில் மிக மலிவாக விற்கும் பெயர் தெரியாத புது ட்ரம்பெற்றைப் பார்த்து, "வாடகைக் காசுக்கே வாங்கலாமே" என்று எண்ணத் தோன்றும். வேண்டாம். அவற்றில் வால்வுகள் சிக்கும், சுருதி நிற்காது, உதிரிப்பாகம் கிடைக்காததால் திருத்துநர் பலர் கையில் எடுக்கவும் மாட்டார்கள். யமஹா, பாக், ஜுப்பிற்றர் போன்றவற்றின் மாணவர் ரகம் ஒன்று, பாவித்ததாக இருந்தாலும், மேல். கேட்கும்போது "பி ஃபிளாற் ட்ரம்பெற்" என்று கேளுங்கள். பாடசாலைகளில் பழக்குவது அதுதான்.

வாசிக்கத் தெரியாத தாயும் கடையிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு.

மூன்று வால்வுகளையும் ஒவ்வொன்றாக வேகமாக அமத்தி விடுங்கள். சிக்காமலும் உரசாமலும் உடனே மேலெழ வேண்டும்.

சுருதி சேர்க்கும் பெரிய குழலையும் மற்றச் சிறு குழல்களையும் இழுத்துப் பாருங்கள். எல்லாம் அசைய வேண்டும். இரண்டாம் வால்வின் சிறு குழலை, வால்வை அமத்தாமல், நேராக வெளியே இழுத்தால் "பொப்" என்று ஒரு சத்தம் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ காற்று ஒழுகலாம்.

மவுத்பீஸ் செருகும் முதற்குழலில் செந்நிறப் புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். அது பித்தளை உள்ளிருந்து அரிபடுவதன் அடையாளம். மணிப்பகுதியில் சின்ன நெளிவு இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். வால்வுக் கூட்டில் நெளிவு இருந்தால் அதை எடுக்க வேண்டாம்.

மவுத்பீஸ் மட்டும் பிள்ளைக்கென்று சொந்தமாக வாங்குங்கள். பாக் 7சி அளவு தொடக்கநிலைக்குப் பரவலாகப் பாவிப்பது.

அடுத்தது ஒப்பந்தம். நாங்கள் மூவரும் கடைகளில் கேட்டுப் பழகிய கேள்விகள் இவை: குறைந்தபட்சம் எத்தனை மாதம்? இடையில் நிறுத்தினால் என்ன கட்ட வேண்டும்? களவு போனாலோ விழுந்து உடைந்தாலோ காப்புறுதி உண்டா, பாடசாலைப் பேருந்தில் நடந்தாலும் செல்லுமா? வால்வு சிக்கினால் திருத்துவது யார் செலவில்? கட்டிய வாடகை வாங்கும் விலையில் கழியுமா? கனடாவிலும் அமெரிக்காவிலும் கழித்துத் தரும் ஒப்பந்தங்கள் உண்டு. ஆனால் எந்த விலையிலிருந்து கழிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். வாத்தியத்தைக் கையேற்கும் அன்றே இருக்கும் கீறல் நெளிவுகளைப் படம் எடுத்து வையுங்கள்.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் கடைக்குப் போகுமுன் பாடசாலையையும் உள்ளூர் இசைச் சேவையையும் கேளுங்கள். குறைந்த கட்டணத்தில் கிடைக்கலாம். பிறகு வாங்குவதானால், அரச பாடசாலையில் முழுநேரம் படித்து அங்கேயே அந்த வாத்தியம் பழகும் பிள்ளைக்கு, பாடசாலை ஊடாக 20 சதவீத வற் வரி இல்லாமல் வாங்கும் வழியும் உண்டு.

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வால்வுக்கு அடிக்கடி எண்ணெய் விடுங்கள். வால்வுகளில் 1, 2, 3 என்று இலக்கம் இருக்கும். கழற்றினால் அதே இடத்தில் போடுங்கள். கழுவுவது இளஞ்சூட்டு நீரில் மட்டும். சுடுநீர் மேற்பூச்சைக் கெடுக்கும். மவுத்பீஸ் இறுகிவிட்டால் குறடு கொண்டு இழுக்கவே கூடாது. அதைக் கழற்றும் கருவி கடையில் இருக்கிறது.

இவ்வளவும் ஏன் சொல்கிறோம் என்றால், வால்வு சிக்கும்போது ஒன்பது வயதுப் பிள்ளை வாத்தியத்தில் குறை என்று நினைக்காது. "எனக்கு வராது" என்று நினைக்கும். அந்த நினைப்பு ட்ரம்பெற்றோடு நின்றுவிடுவதில்லை என்பது படிப்பித்த உங்களுக்குத் தெரியும். அவள் விரும்பி விடுகிறாளா, விட்டுத் தொடர்கிறாளா என்பது அவளுடைய முடிவாக இருக்கட்டும். கெட்ட வாத்தியம் அதை முடிவு செய்யக்கூடாது.

பிள்ளைகள் வாசித்து முடித்த, வேலை செய்யும் சொந்த ட்ரம்பெற் யாரிடமாவது இருந்தால் அலுமாரிக்கு மேல் வைக்காதீர்கள். நம் தங்கைமாரில் ஒருவரின் பிள்ளைக்குக் கொடுங்கள்.