காப்ஸ்மேக்ட்: பாராட்டா, திட்டா?

இந்த வார வார்த்தை 'காப்ஸ்மேக்ட்'. இதை எடுத்ததுக்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். மான்செஸ்டர் கிளையன்ட்டோட வாராந்தர கால். முந்தின நாள் ராத்திரிதான் நான் எழுதின ஸ்கிரிப்ட் புரொடக்‌ஷனுக்குப் போயிருந்தது. அந்தப் பக்கம் ஒருத்தர் ரொம்ப நிதானமா, "ரிப்போர்ட்டைப் பார்த்தேன், ஐ வாஸ் காப்ஸ்மேக்ட்"னார். நான் பாராட்டுன்னு நினைச்சு, சிரிச்சிக்கிட்டே "தேங்க் யூ சோ மச்"னுட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. என் டீம் லீட் மியூட் போட்டுட்டு என்னைப் பார்த்தார். என் ஸ்கிரிப்ட் ஒரு மாசக் கணக்கை ரெண்டு தடவை கூட்டி வச்சிருந்தது! தப்பைக்கூட அவங்க மன்னிச்சிருப்பாங்க. அந்த "தேங்க் யூ" கிண்டல் மாதிரி கேட்டுடுச்சு. லீட்தான் மன்னிப்புக் கேட்டார்.

சரி, வார்த்தைக்கு வருவோம். 'காப்'னா வாய். வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கம் புழங்கும் கொச்சைச் சொல். 'ஷட் யுவர் காப்'னா "வாயை மூடு". மரியாதை இல்லாத பேச்சு. வாயை அடைக்கிற உருண்டை மிட்டாய்க்கு 'காப்ஸ்டாப்பர்'. ரோல்ட் டால் எழுதி 1964-ல் வெளியான சாக்லேட் ஃபேக்டரி கதையில கரையவே கரையாத காப்ஸ்டாப்பர் வருமே, அதேதான். 'ஸ்மேக்'னா அறை. ஆக, வாயிலேயே ஒண்ணு விட்ட மாதிரி திகைச்சு நிக்கிறது. வட்டார வழக்கா இருந்த இந்தச் சொல் 1980-களில் பிரிட்டன் முழுக்கப் பரவிச்சு.

நம்ம 'வாயடைச்சுப் போறது'க்கு ரொம்பப் பக்கம். ரெண்டுலயும் மாட்டுறது வாய்தான்!

பயன்படுத்துறப்போ மூணு விஷயம். ஒண்ணு, இது சின்ன ஆச்சரியத்துக்கு இல்ல. பஸ் நேரத்துக்கு வந்ததுக்கெல்லாம் சொல்லக் கூடாது (நம்ம ஊர்ல வேணா சொல்லலாம்). ரெண்டு, இது ஏற்கெனவே உச்சம். அதனால 'வெரி' பொருந்தாது. 'அப்சொல்யூட்லி காப்ஸ்மேக்ட்'னு சொல்வாங்க. மூணு, பேச்சுக்கு ஓகே, நண்பருக்கு மெசேஜ் ஓகே. மேனேஜருக்கு எழுதுற அறிக்கையில வேண்டாம்.

முக்கியமானது கடைசியில. இந்தச் சொல்லுக்கு நல்லது கெட்டது கிடையாது. லாட்டரி அடிச்சாலும் காப்ஸ்மேக்ட், வீட்டுல திருடு போனாலும் காப்ஸ்மேக்ட். எதுன்னு சுத்தி இருக்கிற பேச்சுதான் சொல்லும். எனக்குப் புரியலைன்னா, கேட்டிருக்கணும். இங்கிலீஷ் தெரியாதுன்னு நினைச்சுடுவாங்களோங்கிற பயத்துல கேக்கல. அந்தப் பயம்தான் அன்னைக்கு என்னை மாட்டிவிட்டது.

ஆறு மாசம் கழிச்சு அதே மனுஷர் மறுபடி "காப்ஸ்மேக்ட்"னார். இந்தத் தடவை, "நல்ல விதமாவா, கெட்ட விதமாவா?"ன்னு கேட்டேன். வாய்விட்டுச் சிரிச்சார். நல்ல விதமாத்தான்.

நீங்க புரியாமலே தலையாட்டின வார்த்தை எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பேசுவோம்!