ஒட்டகத்தை யார் கையில் கொடுத்தார்கள்?



என்னோடு பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிற நண்பரின் தாயார் போன மாதம் காலமானார். சாவு வீட்டுக்குக் கிளம்பினேன். நம் தம்பி ஒருவர் தெருமுனையில் மறித்து, "மாமா, அவங்க காஃபிராச்சே, போகலாமா?" என்று கேட்டார்.

தம்பி, என் வாப்பா மௌத்தான அன்று அடைமழை. அந்த நண்பர்தான் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தார். ஜனாஸா தொழுகை முடிகிறவரை பள்ளிவாசல் வாசலில் நனைந்துகொண்டே நின்றார். மையவாடியில் என் காதருகே வந்து, "நானும் மண் போடலாமா?" என்று கேட்டு, மூன்று பிடி அள்ளிப் போட்டார். அவர் வீட்டுச் சாவுக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டுமா? இதை எந்த மார்க்கம் சொல்லிற்று?

கி.பி. 622. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உயிருக்கு மக்காவின் குறைஷியர் குறிவைத்துவிட்டார்கள். மக்காவை விட்டுப் போக வேண்டும். வழிகாட்டக் கூலிக்கு அமர்த்தியது யாரை? அப்துல்லாஹ் இப்னு உரைக்கித்தை! அவர் முஸ்லிம் அல்ல; குறைஷியரின் மதத்திலேயே இருந்தவர். நபியவர்களும் தோழர் அபூபக்ரும் இரண்டு ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவு கழித்து ஸவ்ர் குகைக்கு ஓட்டிவரச் சொன்னார்கள். குகை இருக்கிற இடம் அவருக்குத் தெரியும். அதற்குள் நபியவர்களைப் பிடித்துத் தந்தால் 100 ஒட்டகம் என்று குறைஷியர் விலை வைத்துவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்! அவர் சொல்லவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தார், கடலோரப் பாதையில் அழைத்துப் போனார். ஹிஜ்ரத் பயணமே அந்த மனிதரின் நாணயத்தை நம்பி நடந்தது, சகோதரர்களே!

நாயகம் அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. மார்க்கத்துக்காக உங்களோடு போரிடாதவர்களுக்கு, வீட்டைவிட்டு உங்களைத் துரத்தாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் இறைவன் தடுக்கவில்லை என்று குர்ஆனின் மும்தஹனா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் பேசுகிறது. போர்க்களத்துக்கு இறங்கிய வசனங்களைத் தூக்கிவந்து, பக்கத்து மேசையில் கணக்கு எழுதுகிறவர் மேல் போடுகிறீர்களே, இது நியாயமா?

வணக்கத்தில் கலப்பு கிடையாது. அதில் எனக்கும் உங்களுக்கும் பேச்சே இல்லை. ஆயுதபூஜை அன்று எங்கள் அலுவலகத்தில் அதே நண்பர், படைப்பதற்கு முன்பே எனக்கென்று ஒரு பொட்டலம் பொரியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். அவருக்கு நான் வகுப்பு எடுக்கவில்லை. பதினெட்டு வருஷம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில், படைத்ததை நான் சாப்பிட மாட்டேன் என்று அவரே கண்டுகொண்டார். நம் வீட்டு நோன்புக் கஞ்சித் தூக்குவாளி அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்தினால் இதெல்லாம் எங்கிருந்து வரும்?

இனி யாராவது உங்களை மறித்து, "போகாதே, பழகாதே" என்று சொன்னால் சண்டைக்கு நிற்காதீர்கள். அந்த இரண்டு ஒட்டகங்களையும் நாயகம் அவர்கள் யார் கையில் கொடுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். பதில் வருகிறவரை நில்லுங்கள்.