நான்காம் எண் கல்லறை



ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசினால் பந்தி தள்ளிப்போகும் என்று செயலாளர் காதோடு சொல்லிவிட்டார். அதனால் கனடாவில் நான் பார்த்த ஹாலிபாக்ஸ் நகரத்தைப் பற்றி மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன்.

1749-ல் உண்டான துறைமுக ஊர். மறு வருஷம் மரத்தால் கட்டிய செயின்ட் பால் தேவாலயம் இன்னும் நிற்கிறது. 1917 டிசம்பர் 6-ல் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, ஊரின் வடபகுதியே தரைமட்டமானது. அன்று பறந்து வந்து தேவாலயச் சுவரில் குத்திய ஜன்னல் சட்டத்துண்டைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஆனால் என்னை நகரவிடாமல் செய்தது ஃபேர்வியூ லான் கல்லறைத் தோட்டம். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கி இறந்தவர்களில் 121 பேர் அங்கே இருக்கிறார்கள். கடலில் எடுத்த ஒவ்வொரு உடலுக்கும் ஓர் எண். சட்டைப்பைப் பொருள்களும் அதே எண் போட்ட துணிப்பையில். கல்லிலும் அந்த எண்தான். பலருக்குப் பெயரே இல்லை. 'ஜே. டாசன்' என்ற கல்லைத் தேடி, 1997-ல் வந்த சினிமாவைப் பார்த்தவர்கள் பூவோடு போனார்களாம். பாவம், அவர் கப்பலில் கரி தள்ளிய தொழிலாளி!

நான்காம் எண் ஓர் ஆண் குழந்தை. கேட்டு யாரும் வரவில்லை. உடலை மீட்ட மெக்கே-பென்னட் கப்பல் மாலுமிகளே கைக்காசு போட்டுக் கல் நட்டார்கள். இறந்தவர்களின் துணிமணி ஞாபகப்பொருளாக விலைபோய்விடக் கூடாதென்று கொளுத்தச் சொல்லி உத்தரவு. காவலுக்கு இருந்த போலீஸ் சார்ஜெண்டுக்குக் குழந்தையின் ஷூவை மட்டும் நெருப்பில் போட மனசு வரவில்லை. மேஜை டிராயரில் வைத்துவிட்டார். உத்தரவை மீறியதுதான், ஆனால் எப்பேர்ப்பட்ட மீறல்!

2002-ல் அவர் குடும்பத்தார் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அதே வருஷம் மரபணுச் சோதனை, இது 13 மாதப் பின்லாந்துக் குழந்தை என்றது. ஷூவோ அந்த வயதுக்குப் பெரிசு. மறுபடி சோதித்தார்கள். 2007-ல் உண்மை தெரிந்தது: சிட்னி லெஸ்லி குட்வின், வயது 19 மாதம், இங்கிலாந்துப் பிள்ளை. அப்பா, அம்மா, ஐந்து அண்ணன் அக்காமார் என்று குடும்பத்தில் எட்டுப் பேருமே கப்பலோடு போய்விட்டார்கள். கேட்டு வர யார் இருந்தார்கள்?

கல்லடியில் யார் யாரோ பொம்மைகள் வைத்திருந்தார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை, பையில் கிடந்த மிட்டாயை வைத்துவிட்டு வந்தேன்.

செயலாளர் கை காட்டுகிறார்.